இடது குழலில் மூணு விரல் சந்தனம்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் துடைத்தேன். பம்ப்செட் ஃபிட்டர் ஆனேன். அதற்குப் பிறகு கோவில்பட்டியில் துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் வாங்கிக் கடை போட்டேன். மனு எழுதித் தர ஆள் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தைக் கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்து கொடுத்தேன், லைசென்ஸ் வந்தது. பழைய இரும்புக்குப் போட்ட லேத்தை எடுத்து வந்து ஓட விட்டேன். குழலின் சுவர் கனம் பார்க்கிற கேஜ் வாங்க வழியில்லாதபோது, ஒரு டயலை மட்டும் வாங்கி, சைக்கிள் ஃபோர்க்கில் பொருத்தி நானே செய்துகொண்டேன். இன்றைக்கும் அதுதான் வேலை செய்கிறது. எட்டயபுரத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளில் என் கடைப் படி ஏறாதவர்கள் குறைவு. "என்னால முடியாது" என்று ஒரு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவன் இல்லை நான்.

ஒன்றைத் தவிர. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து சங்கரபாண்டி வந்தான். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். கூட அவன் வீட்டுக்காரி ராமலட்சுமி. துணி உறையை அவிழ்த்தால் சைட் பை சைடு, பன்னிரண்டு போர், சீமைத் துப்பாக்கி. ரெண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். அவன் தாத்தா வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு இவன் பேருக்கு லைசென்ஸ் மாறியிருந்தது. தோளில் ஊன்றுகிற ஸ்டாக் கட்டையில் விரிசல். குழலைக் கையில் பிடித்து ஆட்டினால் லொட லொட. வலது பக்கம் குதிரை இழுத்தால் தோட்டா வெடிக்காது.

"அண்ணாச்சி, மதுரைக் கடையில ஒரு டபுள் பேரல் விலைக்கு வந்திருக்கு. அதுவும் பழசு, இதுவும் பழசு. இதை ரிப்பேர் பாக்கவா, அதை வாங்கவா? மக்காச்சோளம் கதிர் வைக்கதுக்குள்ள எனக்கு ஒண்ணு கையில வேணும்" என்றான்.

அந்த வருஷம் காட்டுப்பன்னித் தொல்லை அப்படி. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் கூட்டம் ஓடிவிடும். வெடிக்காத துப்பாக்கிக்கு எது ஓடும்?

"வாங்க வேண்டாம் அண்ணாச்சி. அது யாரு வீட்டுச் சாமானோ. இது எங்க மாமனார் கையில இருந்தது. இதையே சரி பண்ணுங்க" என்றாள் ராமலட்சுமி.

"சுடப்போறது நானா, நீயா?"

"நீங்க சுட்டதைத்தான் போன வருசம் பாத்தமே. துப்பாக்கி டிக்குன்னுச்சு. பன்னி தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடியும் தின்னுச்சு."

நான் சிரித்துக்கொண்டே குழலைக் கழற்றினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். ரெண்டும் கண்ணாடி. ஒரு கயிற்றில் தொங்கவிட்டு விரலால் தட்டினேன். மணி மாதிரி நின்று ஒலித்தது. ரெண்டு குழலையும் சேர்க்கிற பட்டி எங்கேயும் விடவில்லை என்று அர்த்தம். இடது குழலில் மட்டும், இடது கை பிடிக்கிற முன்கட்டையைத் தாண்டி நாலு விரல் தள்ளி, மூணு விரல் பதித்த சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. வீட்டுப் பொம்பளை எதிரில் நிற்கும்போது பூஜைச் சந்தனத்தைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டேன்.

"இதை விட்டுட்டு இன்னொண்ணு வாங்கினா உன்னை மாதிரி மடையன் கிடையாது. கதிர் வைக்கதுக்கு முன்னாடி புதுசாக்கித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்தேன். ராமலட்சுமி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

வேலையை எப்படிச் செய்தேன் என்று என் லேத்துக்குத் தெரியும். கீல் பின் புதிதாகக் கடைந்து போட்டேன், ஆட்டம் நின்றது. ஸ்டாக்கை உள்ளே ஆணி கொடுத்து ஒட்டினேன். விரிசல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பவனுக்கு என் கடையையே எழுதித் தருவேன். வலது பக்க ஸ்பிரிங் மாற்றினேன். கடைசியாகக் குழலுக்குக் கறுப்பு ஏற்ற வேண்டும். அதற்கு முதலில் பழைய எண்ணெயும் பிசுக்கும் போகச் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

சந்தனம் லேசில் போகவில்லை. ஒரு வருஷத்துச் சந்தனம் இல்லை அது. வருஷா வருஷம் ஒன்றுமேல் ஒன்றாக ஏறி, அடியில் பழுப்பாகக் கல் மாதிரி இறுகியிருந்தது. மூங்கில் குச்சியால் பெயர்த்தேன். அடியில் மூணு பள்ளம். துரு தின்ற பள்ளம். கேஜை வைத்துப் பார்த்தேன். சந்தேகத்தில் இன்னொரு தடவை வைத்தேன். இருக்க வேண்டிய கனத்தில் பாதிகூட இல்லை. உள்ளே கண்ணாடி, வெளியே இப்படி.

கறுப்பு ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாது. இதை நான் மறைக்க விரும்பவில்லை: அப்படி ஒரு யோசனை எனக்கு வரத்தான் செய்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, பேர் இருக்கிறது, வேலையும் முக்கால்வாசி முடிந்துவிட்டது. எழுந்துபோய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து சங்கரபாண்டிக்கு போன் போட்டேன்.

மறுநாள் ரெண்டு பேரும் வந்தார்கள்.

"இது இனிமே சுட லாயக்கில்லை தம்பி. மதுரைத் துப்பாக்கியைப் பாப்போம்" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "மடையன்தான் வாங்குவான்னீங்க. கதிர் வைக்க நேரத்துல இப்படிச் சொல்லுதீங்க. மதுரைக்காரரு உங்களுக்கு எதும் கமிஷன் பேசிட்டாரா?"

என் கடையில் நின்று என்னை அப்படிக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். குழலை மேஜையில் வைத்தேன்.

"தாயி, நீ சந்தனம் எப்படி வைப்ப? வச்சுக் காட்டு."

ராமலட்சுமி யோசிக்காமல் மூணு விரலைப் பதித்தாள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல். மூணும் மூணு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"எங்க அத்தை வச்ச இடம் இது. அவிய தடம் பாத்துத்தான் நானும் வைக்கேன். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கப்படாதும்பாவ" என்றாள்.

"என்ன தண்ணியில கரைப்ப?"

"போர்வெல் தண்ணிதான். எங்க ஊர்ல வேற என்ன தண்ணி இருக்கு?"

அந்தத் தண்ணியில் பருப்பு வேகாது. அந்த உப்பு ரெண்டு தலைமுறையாகக் குழலில் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு குழலை மாட்டி, வெறும் துப்பாக்கியைச் சங்கரபாண்டியிடம் கொடுத்தேன். "காட்டுல பிடிக்க மாதிரி தூக்கிப் பிடி" என்றேன்.

அவன் நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், நீளக் கை. இடது கை முன்கட்டையில் நிற்காது, அதைத் தாண்டிக் குழலையே பிடிக்கும். உள்ளங்கை சரியாக அந்த மூணு பள்ளத்தையும் மூடிக்கொண்டு நின்றது. சுடும்போது அந்த இடத்தில் குழல் பிளந்தால் எது போகும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராமலட்சுமி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அண்ணாச்சிய கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

போனோம். அந்தத் துப்பாக்கி பார்க்க லட்சணமாக இல்லை. ஸ்டாக் கழுத்தில் உடைந்து, வார்னிஷ் பூசி மறைத்திருந்தது.

"எங்க கடையில தேர்வு பண்ணித்தான் வைப்போம், தைரியமா எடுங்க" என்றார் கடைக்காரர்.

"உடைஞ்ச கழுத்தையும் தேர்வு பண்ணித்தான் வச்சியளா?" என்று கேட்டேன். அவர் துப்பாக்கியை என் பக்கம் தள்ளினார். நான் முதலில் குழலை முழுக்கத் துடைத்தேன். என் கேஜை வைத்து அடியிலிருந்து நுனி வரைக்கும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கனம் எங்கேயும் குறையவில்லை. கட்டையை நான் மாற்றிவிடுவேன். மெலிந்த இரும்பை என்னாலும் வளர்க்க முடியாது. "எடு" என்றேன்.

கலெக்டர் ஆபீஸ் பெர்மிஷன் வந்து, கட்டை மாற்றிக் கொடுத்தபோது கதிர் பால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பழைய துப்பாக்கியை ஒப்படைக்கிற மனுவோடு, "சுட லாயக்கில்லை" என்று என் கையெழுத்துப் போட்ட சீட்டையும் வைத்தேன். நான் அப்படி எழுதிய ஒரே சீட்டு. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ராமலட்சுமி சந்தனத்தைத் துணி உறையில் வைத்தாள். பன்னி மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ரிப்பேரா, வாங்குவதா என்று வாய் திறக்கும் முன்னால் குழலை முழுக்கத் துடையுங்கள். சாமி சந்தனமாக இருந்தாலும் துடையுங்கள். சாமியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நான் துடைக்காமல் வாக்குக் கொடுத்தேன், தப்பு என்னுடையது.

ஆனால் இன்னொரு பாதி, நல்லதைப் பார்த்து எடுத்த பேர், அதுவும் என்னுடையதுதானே. மதுரைக் கடைச் சுவரில் சங்கரபாண்டி அந்தத் துப்பாக்கியோடு நிற்கிற போட்டோ மாட்டியிருக்கிறது. கீழே "எங்கள் தேர்வு" என்று எழுதியிருக்கிறார்கள். சங்கரபாண்டியும் பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், "நானே பாத்து எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். போட்டோவில் இடது கையை நன்றாகப் பாருங்கள், அஞ்சு விரலும் இருக்கிறது. கடைக்காரர் அந்த எழுத்தை அழிக்க வேண்டும். அதே இடத்தில், "பார்த்துச் சொன்னது கோவில்பட்டி சுப்பையா" என்று எழுத வேண்டும். தமிழில் எழுதினால் போதும், நான் வாசித்துக்கொள்வேன்.