டீப்பாயில் ஏறிய சாமி

எங்கள் அப்பாவுக்கு ஆசாரியைக் கூப்பிடுவதென்றால் கௌரவக் குறைச்சல். தாலுகா ஆபீசில் பேனா பிடித்த கைதான். ஆனால் வீட்டில் சுத்தியலைப் பிடித்துவிட்டால் தேவதச்சனே வந்து கேட்டாலும் தரமாட்டார்.

எண்பதுகளில் ஓர் ஆவணியில், சிவகிரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். வருகிறவர்கள் காப்பி டம்ளரை எங்கே வைப்பார்கள் என்பதுதான் அப்பாவுக்கு வந்த முதல் கவலை. எனக்கு வேறு கவலை. அதற்கு முன்னால் வந்த இரண்டு கூட்டமும் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி விடுகிறோம் என்று கிளம்பியவர்கள்தான். போனவர்கள் போனவர்களே. என்னைவிடச் சின்னவள்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு கோவிலுக்கு வந்து, "ஒனக்கு இன்னும் ஒண்ணும் ஆகலியாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த இடமாவது அமைய வேண்டுமென்று நான் மனசார ஆசைப்பட்டேன். அதில் என்ன வெட்கம்?

அப்பா டீப்பாய் செய்வதென்று பழைய கட்டிலின் கால்களை அறுத்து, மேலே ஒரு பலகையை அடித்தார். பக்கத்து வீட்டில் குளியலறை கட்டி மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் துண்டுகளைச் சாக்கில் அள்ளிவந்தார். பலகையில் சிமெண்டு ஒட்டவில்லை. உடனே பலகை முழுக்க ஆணியைப் பாதி அடித்து, பாதியை நீட்டிவிட்டு, அதன்மேல் பூசினார். ஒட்டித் தொலைத்தது. நான் வெள்ளை சிமெண்டைக் குழைத்து இடுக்குகளில் தடவினேன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. பெண் பார்க்க வருகிற நேரத்தில் என் கை சித்தாள் கை மாதிரி ஆகிவிட்டது.

நடுவில் ஒரு சதுரம் காலியாக இருக்கும்போது துண்டுகள் தீர்ந்துபோயின. வீட்டில் முழுசாக ஒரே ஒரு டைல் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்குகிற மகராசன்களுக்கு எங்கள் காம்பவுண்டுச் சுவரைக் கண்டால்தான் ஒன்றுக்கு வரும். அவர்களை விரட்டுவதற்காக அப்பா வாங்கி வைத்திருந்த சாமி டைல் அது. ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள், எங்களூர்ச் சங்கரநாராயணர். அளவெடுத்த மாதிரி அந்தச் சதுரத்தில் உட்கார்ந்தார். அப்பா நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்துப் பூரித்துப்போனார். விடிவதற்குள் சிமெண்டு இறுகிவிட்டது.

காலையில் அம்மா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"சாமி தலையிலயா எச்சி டம்ளர வைக்கப் போறீய?"

அப்பா அதை யோசிக்கவேயில்லை. நானும் கூடவே நின்ற மடச்சி, எனக்கும் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். டீப்பாய் பிடிக்கச் சாமியாய் முடிந்தது எங்கள் வீட்டில்தான். உளியால் பெயர்க்கப் பயம். சாமி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது. தூக்கி ஒளிக்கலாமென்றால் ஆட்டுரல் கனம். கடைசியில் நான் பூத்தையல் போட்டு வைத்திருந்த துணியை விரித்து மூடினோம். தெரியாமல் வைக்கிறவனுக்குப் பாவமில்லை என்று அப்பா ஒரு சட்டம் போட்டார்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். கொடுக்கும்போதே மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்துவிட்டேன். பிடித்திருந்தது. கொதிக்கிற டம்ளரை அவர் துணிமேல் வைக்கப்போன நேரம் பார்த்து அவருடைய அம்மா, இது பொண்ணு போட்ட தையலா என்று கேட்டபடி துணியைத் தூக்கிப் பின்பக்கம் புரட்டினார். பெண் பார்க்க வருகிற எந்தத் தாயும் தையலின் முன்பக்கத்தை நம்பமாட்டாள். இது எங்களுக்குத் தெரியாதா? புத்தி எங்கே மேயப் போனதோ.

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீப்பாய்க்கு அடியில் நீட்டியிருந்த கால்களெல்லாம் நாற்காலிக்குக் கீழே மடங்கின. மாப்பிள்ளை டம்ளரை வலது கை, இடது கை, வேட்டி நுனி என்று மாற்றி மாற்றிப் பிடித்தார். அவருடைய அம்மா துணியை மறுபடி போர்த்திவிட்டு, "சரி, ஊருக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அது சாமி மேலா, அப்பா மேலா, கிண்டி வைத்த கேசரி மேலா, தெரியவில்லை. பெண் வாய் திறக்கக் கூடாதென்பதெல்லாம் மறந்துபோனது.

"இங்கன தாங்க, கை வெந்திரும்" என்று டம்ளரை மாப்பிள்ளை கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அம்மா என் விலாவில் கிள்ளினாள். காரியம் கெட்டது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை விரலை ஊதிக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு, அதுவரை தான் சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மாமா, சீர்ல இத மட்டும் அனுப்பிராதீய."

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இதுக்கு என்ன குறைச்சல், கால் எப்படி நிற்கிறது பாருங்கள் என்று டீப்பாயைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். எனக்கு மாப்பிள்ளை சொன்ன அந்த முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவுமே காதில் ஏறவில்லை.