நார்வே உட்காரலாம்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் வலது கை போயிற்று.

இதை முதலிலேயே சொல்லிவிடாவிட்டால் நான் சுற்றி வளைத்து உங்களிடமிருந்தும் நழுவிவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. மேடையேறிப் பேசிப் பேசி வந்தது.

பெரம்பலூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். மனித உரிமைக் கல்வியை உலகமெங்கும் கொண்டுசெல்லும் தன்னார்வ அமைப்பு ஒன்றின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளரும் நான்தான். கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலைந்து ஆசிரியர்கள், ஒரு வக்கீல், ஒரு மருந்துக்கடைக்காரர், அவ்வளவே. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பள்ளி மாடி ஹாலில் கூடுவோம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர்கள் பஸ் பிடித்து வருவார்கள். மனித உரிமைப் பிரகடனத்தைப் படிப்போம், நாடுகள் எப்படிப் பேச்சுவார்த்தை நடத்துகின்றன என்று சொல்லிக்கொடுப்போம். வருஷத்துக்கு ஒருமுறை மாதிரி ஐ.நா. சபை நடத்துவோம்.

அந்தச் சபையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாடு. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கிற நாடு. அன்றைக்கு அவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. கானா பேசும், ஜப்பான் மறுக்கும், பிரேசில் திருத்தம் கொண்டுவரும். எடுத்த நாட்டின் நிலைப்பாட்டை மட்டும்தான் பேச வேண்டும். சொந்தக் கதை, சொந்த ஊர் எதுவும் வாயில் வரக்கூடாது. இன்னொரு விதியும் உண்டு. தலைவர் மரச்சுத்தியைத் தட்டினால் பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, நன்றி சொல்லி உட்கார வேண்டும். இந்தச் சுத்தி விஷயத்தில் நான் ரொம்பக் கறார். திருச்சியிலிருந்து வரும் பெரிய பள்ளிப் பிள்ளைகள் தட்டத் தட்டக் கத்திக்கொண்டே இருக்கும். என் பிள்ளைகள் அப்படியில்லை. அதில் எனக்குத் தலைகொள்ளாத கர்வம்.

ஹாலை இலவசமாகத் தந்த தாளாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "உலக விஷயம் என்ன வேணா பேசுங்க டீச்சர். உள்ளூர் வம்பு மட்டும் வேணாம்."

நான் சரி என்றேன். அப்படித்தான் நாங்கள் ஆப்பிரிக்கச் சுரங்கத்துப் பிள்ளைகளுக்காக மணிக்கணக்கில் வாதாடினோம், பக்கத்திலேயே இருக்கிற செந்துறைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இது எனக்கு அப்போது விசித்திரமாகவே படவில்லை... ஏன் படவில்லை?

மேகலா செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிற்றூர்ப் பெண். அரியலூரில் கல்லூரியில் முதல் வருஷம். வரும்போது வாயே திறக்க மாட்டாள். ஆறே மாதத்தில் எழுந்து நின்றால் ஹாலே திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டாள். குரலை உயர்த்த மாட்டாள், அவசரப்பட மாட்டாள். அந்த வருஷம் அவளுக்குச் சீட்டில் வந்த நாடு நார்வே. சபையில் எடுத்துக்கொண்ட பொருள், குழந்தைகளைக் கட்டாய வேலையில் வைத்திருப்பது.

சபைக்கு முந்தைய சனிக்கிழமை, நான் பேனர்க்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், ஒரு அஞ்சு நிமிசம். தங்கச்சி விசயமா."

"என்னம்மா?"

"சுகன்யாங்க மேடம். பத்தாவது முடிச்சா. ஏஜென்ட் ஒருத்தர் மேற்க நூல் மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. மூணு வருசம் இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமா பணம் தருவாங்களாம். இப்ப போன் பண்ணா குடுக்க மாட்டேங்குறாங்க. அம்மா போயும் பாக்க வுடல. நைட்டு சிப்டெல்லாம் போடுறாங்களாம். வூட்டுக்கு வரணும்னு அழுவுறான்னு கூட இருந்த பொண்ணு வந்து சொல்லுது."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. ஏதோ வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. "சபை முடியட்டும்மா. ஒரு வாரந்தானே, உக்காந்து பேசுவோம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சபை நாள் வந்தது. எங்கள் அமைப்பின் தலைமையிடத்திலிருந்து சென்னைக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். டில்லியில் நடக்கும் பெரிய சபைக்கு எந்தக் கிளைப் பிள்ளைகளை அனுப்பலாம் என்று பார்க்க வந்தவர்கள். சிறப்பு விருந்தினராக மாவட்ட அதிகாரி ஒருவர் வந்திருந்தார். குழந்தைத் தொழிலாளர் விஷயங்கள் அவர் பொறுப்பில்தான் வரும், அதனால்தான் அவரை அழைத்தோம். தலைவர் நாற்காலியில் நான். சபை அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. திருத்தம், மறுப்பு, ஓட்டெடுப்பு எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நடந்தன. சென்னைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்ததை நான் ஓரக்கண்ணால் கவனித்தேன்.

நார்வேயின் முறை வந்தது.

மேகலா எழுந்தாள். முதல் இரண்டு நிமிஷம் நார்வேதான் பேசியது. பிறகு அவள் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அந்த அதிகாரியைப் பார்த்தாள்.

"சார், என் தங்கச்சி பேரு சுகன்யா. அவளுக்குப் பதினஞ்சு வயசு. இப்ப அவ இருக்குற மில்லு..."

நான் சுத்தியைத் தட்டினேன்.

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். எனக்கு அந்தக் கணத்தில் விஷயம் முழுக்கத் தெரியும். அடுத்து வரப்போகிற வாக்கியம்கூடத் தெரியும். பயந்தேனா? தாளாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அது உண்மைதான். ஆனால் கை தானாக எழுந்ததற்குக் காரணம் பயம் இல்லை. இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த சபையை இவள் கெடுக்கிறாளே என்ற எரிச்சல். வெறும் எரிச்சல்.

"ஒழுங்குப் பிரச்சினை. பிரதிநிதி தம் நாட்டின் நிலைப்பாட்டை மட்டுமே பேசலாம். நார்வே உட்காரலாம்" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "நன்றி தலைவர் அவர்களே" என்றாள், உட்கார்ந்துவிட்டாள். நான் பழக்கிய பழக்கம். அடுத்து கென்யாவை அழைத்தேன்.

இதுவரை நடந்தது எல்லோருக்கும் தெரியும். நூறு பேர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாதது சாப்பாட்டு நேரத்தில் நடந்தது.

அந்த அதிகாரி சாம்பார் சாதத் தட்டோடு என்னிடம் வந்தார். நல்ல மனிதர். மேகலா பேச ஆரம்பித்தபோது அவர் நாற்காலி நுனிக்கு வந்து கேட்டதை நான் பார்த்திருந்தேன்.

"மேடம், அந்த நார்வே பொண்ணு தங்கச்சின்னு ஏதோ சொல்ல வந்துச்சே. நெசமான விசயமா?"

அவர் கேட்டார்! வலிய வந்து கேட்டார். நான் ஒரே ஒரு ஆமாம் சொல்லியிருந்தால் போதும். பக்கத்திலேயே சென்னைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சபையில் ஒரு பெண் விதியை மீறினாள், அதுவும் உண்மையான புகாரோடு மீறினாள், அதைத் தலைவர் அடக்கினார் என்று அவர்கள் முன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

"இல்லீங்க சார். உணர்ச்சியா இருக்கணும்னு அதுவா ஒரு கதை சேத்துக்குச்சு. நல்லா நடிக்கும் அந்தப் பொண்ணு" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் நெசம்னே நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இதுதான் நான் சொன்ன பொய். இத்தனை நாள் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் சிறந்த பிரதிநிதி விருதை நார்வேக்குக் கொடுத்தார்கள். சபைக் கட்டுப்பாட்டுக்காக என்று சென்னைக்காரர் மைக்கில் அறிவித்தார். நான் கைதட்டினேன். மேகலா வாங்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்கு ஓடினாள். அன்றிரவே அவளுக்குப் போன் செய்து விஷயத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போட்டோ அனுப்புவது, நன்றி சொல்வது, அறிக்கை எழுதுவது என்று நாள் போனது. அப்புறம் அரைப்பரீட்சை வந்தது. பிறகு... பிறகு என்ன, நான் போன் செய்யவில்லை. அவளும் சனிக்கிழமைகளில் வரவில்லை. வராதது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. மெஷின் உருளையில் சிக்கிய பஞ்சை எடுக்கப் போய்ச் சுகன்யாவின் கை உள்ளே போய்விட்டது. நைட் ஷிப்டில், தூக்கக் கலக்கத்தில். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நான் அந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். இப்போது எனக்குப் போட முடிந்தது, பாருங்கள். அவர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. மேற்கே இருக்கிற தன் சகாக்களைப் பிடித்தார், மில்லுக்கு ஆள் போயிற்று. நம் பக்கத்துச் சிறுபெண்கள் இன்னும் சிலபேர் அங்கே இருந்தார்கள், அத்தனை பேரையும் வேனில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எல்லாம் முடிந்து பேசும்போது அவர் கேட்டார். "மேடம், அன்னைக்கு அந்தப் பொண்ணு சபையில சொல்ல வந்தது இதானா?"

பொய் ஒன்று என்றா உங்களிடம் சொன்னேன்? இரண்டு. "அது வேற பொண்ணு சார், அது வேற விசயம்" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஆள் அனுப்பியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. எங்கள் கிளைதான் பெண்களை மீட்டது என்று செய்தி பரவியது. தாளாளரே மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார். உள்ளூர் வம்பு வேண்டாம் என்ற அதே மனிதர். தலைமையிடத்திலிருந்து பாராட்டு வந்தது. நான் வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன், நீங்கள் இல்லாமல் கிளையே கிடையாது என்றார் வக்கீல். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வரும். வந்ததும், மகளைப் பார்க்கப் போய்ப் பார்க்காமலே திரும்பிய சுகன்யாவின் அம்மா நினைவுக்கு வருவாள், உள்ளே போய்விடும். சொன்னால் அந்தக் கை முளைக்குமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். கேடுகெட்ட கேள்வி. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன்.

இந்தப் பங்குனியில் சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போய்விட்டு ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "மேடம்" என்று குரல் கேட்டது. மேகலா. பக்கத்தில் துப்பட்டாவால் கையை மூடியபடி ஒரு சின்னப் பெண். கேட்காமலே தெரிந்துவிட்டது எனக்கு.

"சுகன்யா, இவங்கதான்டி நான் சொன்ன மேடம்" என்றாள். அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள். இடது கையில் எழுதிப் பழகுகிறாளாம், வரும் ஜூனில் பிளஸ் ஒன் சேரப் போகிறாளாம். நான் ஏதோ பேசினேன். வெயில் என்றேன், கூட்டம் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தங்கை தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் மேகலா என் பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கப் போகிறாள், ஏன் தட்டினீர்கள் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷம் முடிவுகூட எடுத்துவிட்டேன். நம்புங்கள்.

"மேடம், அன்னைக்கு நீங்க தட்டுனப்ப நான் உக்காந்திருக்க மாட்டேன். எப்புடியாச்சும் சொல்லிப்புடணும்னுதான் வந்தேன்" என்றாள். "அப்பறம் உங்கள பாத்தேன். உங்களுக்குத்தான் விசயம் தெரியுமே, சபையில வேணாம்னு பாக்குறீங்க, தனியா அந்த சார்கிட்ட சொல்லிருவீங்கன்னு பட்டுச்சு. அதனாலதான் உக்காந்தேன். நீங்க அன்னைக்கே சொல்லி வெச்சதாலதான மேடம் அவரு அப்புறம் அவ்ளோ சீக்கிரமா ஆள் அனுப்புனாரு? இவ கை மட்டும் அதுக்குள்ள அவசரப்பட்டுருச்சு."

பஸ் வந்துகொண்டிருந்தது. சுகன்யா பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.