ஓரத்து முகத்துக்கு ஒரு லென்ஸ்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் யாரும் குளிக்க முடியாது. குளியலறை அக்காவின் வசம் போய்விடும். ஜன்னலில் கறுப்புப் போர்வை, உள்ளே சிவப்பு விளக்கு, கதவுக்கு வெளியே துண்டோடு நான். அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிப்பவள். வாரம் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்த்தது போதாதென்று, ஞாயிறன்று ஃபிலிம் கழுவிப் படம் போடுகிறாள். அவளுக்குப் பொழுதுபோக்கு, எங்களுக்கு அவஸ்தை.

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தாள். குளியலறையில் மேசை போட்டு அதை நிறுத்திக் கொடுத்தவர் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தலையணைகூடப் போட மாட்டார். என்லார்ஜரின் தலையிலும் ரசமட்டத்தை வைத்து, இணைப்பில் அட்டைத் துண்டுகளைச் செருகி, குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை.

வம்பு ஒரு குரூப் போட்டோவில் ஆரம்பித்தது. அக்காவின் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிடுகிறவர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பரிசாகக் கொடுக்க, எல்லோரையும் வாசலில் நிறுத்தி அக்கா ஒரு படம் எடுத்தாள். எல்லா ஷிஃப்ட்காரர்களும் ஒன்றாகக் கூடியது அன்றைக்கு மட்டும்தான், மறுபடி எடுக்க வழியில்லை. நடுவில் வரச்சொல்லி எவ்வளவு கெஞ்சியும் ஆயாம்மா வலது கோடியில் போய் நின்றுகொண்டார். பெரிதாக்கிப் பார்த்தால், பெரிய டாக்டரின் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. ஆயாம்மாவின் முகம் மட்டும் கரைந்த சோப்பு மாதிரி இருக்கிறது.

"யாருக்காக எடுத்தேனோ அவங்களத்தான் காணோம்" என்றாள் அக்கா. அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. ஃபிலிமை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அதில் ஆயாம்மா தெளிவாக இருந்தார். அப்படியானால் குற்றவாளி என்லார்ஜரோடு வந்த லென்ஸ்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

கேமரா ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எதைக் கையில் எடுத்தாலும் ஊதிவிட்டுத்தான் பேசுவார், அதனால் எல்லோருக்கும் அவர் 'தூசி'. அவர் இரண்டு லென்ஸ்களை ஊதிக் கொடுத்து, வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று புதுமாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. இன்னொன்று பெயின்ட் உரிந்த கிழம், ஆனால் உள்ளே பூஞ்சை இல்லாத சுத்தமான கண்ணாடி.

"நடுவுல எல்லா லென்ஸும் யோக்கியம்தாம்மா. மூலையில பாருங்க, அங்கதான் சாயம் வெளுக்கும்" என்றார் தூசி.

அடுத்த ஞாயிறன்று அக்கா இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். இரண்டிலும் ஆயாம்மா கரைந்துதான் போனார். புதுசாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்றார் மாமா. குளியலறையையாவது திருப்பிக் கொடு என்றேன் நான். எனக்கு அவ்வளவு எரிச்சல். அக்கா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மூன்று லென்ஸில் போட்ட மூன்று படங்களையும் கொடியில் வரிசையாக மாட்டி, இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மூணு பேரு ரத்தத்துலயும் ஒரே மாதிரி ரிசல்ட் வந்தா, வியாதி ரத்தத்துல இல்லடா. மெஷின்ல" என்றாள்.

லென்ஸ் மோசமென்றால் நான்கு மூலையும் கெட வேண்டும், இங்கே மூன்று படத்திலும் வலது பக்கம்தானே மோசமாகக் குழம்புகிறது என்று விளக்கினாள். மாமாவின் ரசமட்டத்தை வாங்கி, என்லார்ஜரின் தலையில் வைக்காமல் கீழே படத்தாள் வைக்கும் பலகையில் வைத்தாள். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய்விட்டது.

குளியலறைத் தரை மாமா போட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காத சரிவு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்தச் சரிவோடு மேசையும் பலகையும் சாய்ந்திருக்க, தலை மட்டும் அவர் தயவில் விறைப்பாக நின்றிருக்கிறது. மேலே லென்ஸும் கீழே தாளும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால்தானே படம் முழுக்கத் தெளிவாக விழும்?

"வாட்டம் சரியாத்தானே குடுத்திருக்கேன்" என்று இழுத்தார் மாமா.

"தண்ணிக்குச் சரிங்க. படத்துக்கு?" என்றாள் அக்கா.

மாமா தலையைச் சொறிந்துகொண்டே அட்டைத் துண்டுகளை உருவ, என்லார்ஜரின் தலையும் பலகைக்கு நேராகச் சாய்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் லென்ஸ்களுக்கு உண்மையான பரீட்சை நடந்தது. பழைய லென்ஸ் நான்கு மூலையிலும் மங்கியது. புதுமாப்பிள்ளை நடுவில் பளிச்சென்றிருந்து ஓரங்களில் வழுக்கியது. கிழத்தில் ஒளி நுழையும் துவாரத்தை இரண்டு படி குறுக்கிப் போட்டதும், மீசையிலிருந்து செருப்புவரை ஒரே சீராக விழுந்தது. புதுமாப்பிள்ளையைத் தூசியிடமே திருப்பி அனுப்பினோம். நானும் ஒருவழியாகக் குளித்தேன்.

வெள்ளிக்கிழமை படத்தைச் சட்டம் போட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். ஆயாம்மா இடது கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். இவர் டீக்குச் சர்க்கரை கேட்டுச் சண்டை போடுவார், இந்தப் பெண் ஊசியைக் கண்டாலே மயங்கும் என்று ஆளுக்கொரு வம்பு சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வலது கோடிக்கு வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நானும் பாக்க நல்லாத்தான் இருக்கேன், இல்லம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஆயாம்மாவின் விரல் நின்ற இடத்தில் படச் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள்.