ரோடு காலி, வாங்க

நாற்பத்தெட்டு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டவள் நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சர்க்கரை வந்த வருடம் அது. டாக்டர் நடக்கச் சொன்னார். எனக்கு நடை என்றால் சலிப்பு. கல்லூரிக்குப் போய்விட்ட மகளின் சைக்கிள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துருவேறிக் கிடந்தது. அதைத் துடைத்துக் காற்றடித்து, எங்கள் பிளாக்கின் பின்தெருவில் உருட்டிப் பழக ஆரம்பித்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் விழுந்து எழுந்து பழக இடத்துக்கா பஞ்சம்? அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், அரைமணிக்கு ஒரு ஸ்கூட்டர். முழங்கை இரண்டும் சிராய்த்துக்கொண்டு, பன்னிரண்டாம் நாள் விழாமல் ஒரு சுற்று வந்தேன். அன்று எனக்கு இருந்த திமிரைப் பார்த்து என் கணவரே சிரித்தார்.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "எனக்கும் சொல்லிக்குடுங்க டீச்சர்" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். எல்லோரும் புதிதாய்ப் பழகுகிறவர்கள்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதையாக, மற்றவர்களைவிட ஒரு மாதம் முந்தி ஏறிவிட்ட ஒரே தகுதியில் நான் அங்கே குருவானேன். சீட்டை இடுப்பு உயரத்துக்கு வையுங்கள். முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்காதீர்கள். சக்கரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள், பார்வை போகிற பக்கம்தான் சைக்கிளும் போகும். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள். இருபத்தைந்து வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு உபதேசம் செய்யக் கேட்கவா வேண்டும்?

நான் சொன்னதில் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றை. எப்போது சைக்கிளை எடுப்பது என்பதை.

டவுன்ஷிப்புக்குக் கடிகாரம் ஷிப்ட் பஸ்தான். விடிவதற்கு முன்னால் முதல் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பஸ்கள் போகும். கொஞ்ச நேரத்தில் நைட் ஷிப்ட்காரர்களைக் கொண்டுவந்து பிளாக் பிளாக்காக இறக்கிவிட்டுப் போகும். அதன்பிறகு ரோடு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். "ஷிப்ட் பஸ் போயாச்சுன்னா ரோடு நம்மது" என்று குழுவில் எழுதினேன். தினமும் காலையில் கடைசி பஸ் எங்கள் வாசலைத் தாண்டியதும் "ரோடு காலி, வாங்க" என்று ஒரு செய்தி போடுவேன். அதைப் பார்த்தபிறகுதான் மற்றவர்கள் சைக்கிளை எடுப்பார்கள்.

குழுவில் ஒருத்தி மட்டும் டவுன்ஷிப்பைச் சேர்ந்தவள் இல்லை. எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது இருக்கும். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பிள்ளைகள் வருவதற்குள் வகுப்பைப் பெருக்கி வைக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே பள்ளியில் இருப்பாள். அந்நேரத்துக்கு வரும் ஷேர் ஆட்டோவில் ஆண்கள் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள் என்று ஒருநாள் அழுதாள். "சைக்கிள் பழகிக்கோ, யார் தயவும் வேண்டாம்" என்றேன். சும்மா இருந்தவளைக் கிளப்பிவிட்டது நான்தான்.

பள்ளி விட்டபிறகு மைதானத்தில் பழக்கினேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

"வுட்றாதீங்க டீச்சர்! வுட்றாதீங்க!"

"விட மாட்டேன், நீ மிதி" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவேன். சைக்கிள் பழக்குகிற எல்லோரும் சொல்லும் பொய்தானே அது. ஒன்பதே நாளில் ஓட்டிவிட்டாள். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது என்று உள்ளுக்குள் லேசாகப் பொறாமைகூட வந்தது.

நாங்கள் ஏழு பேரும் சர்க்கரைக்கும் தொப்பைக்கும் ஓட்டினோம். அவள் வேலைக்கு வர ஓட்டினாள். அந்த வித்தியாசம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. நாங்கள் குழுவில் போடும் படங்களில் குல்மொஹர் பூ, மயில், ரவுண்டானா. அவள் போடும் படங்களில் தெர்மல் ஸ்டேஷனிலிருந்து சாம்பல் ஏற்றிப்போகும் லாரி. தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் போகிற லாரி, ரோட்டோரம் வரிசையாக நிற்கும் லாரி, டயரின் உயரத்துக்கு இவளுடைய சைக்கிள் ஹேண்டில்பார். "இன்னிக்கு ஒண்ணு ஒரசுற மாதிரி போச்சு டீச்சர், காத்துலயே ஆடிட்டேன்" என்று குரல்செய்தி அனுப்புவாள். அதில் பின்னால் இன்னொரு லாரி வரும் சத்தம் கேட்கும். "பயந்தா கைப்பிடி ஆடும், தூரத்தைப் பார்த்து ஓட்டு" என்று பதில் போடுவேன். மற்றவர்கள் கைதட்டும் படங்களை வரிசையாகப் போடுவார்கள்.

குழுவில் ஒரே ஓர் ஆண் இருந்தார். மைன்ஸில் பெரிய மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எல்லோருக்கும் செயின் மாட்டித் தருவார், அதிகம் பேச மாட்டார். ஒருநாள் காய்கறிக் கடையில் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள ரோடு வேற, வெளி ரோடு வேற. நீங்க ஷிப்ட் பஸ் கணக்கு சொல்றீங்க. அது பர்மனென்ட் ஆளுங்களுக்கு. லாரிக்கு ஷிப்ட் கெடையாது, ட்ரிப்புதான். எத்தினி ட்ரிப்பு அடிக்கிறானோ அத்தினி காசு அவனுக்கு. அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அவ நல்லாத்தாங்க ஓட்டறா. நாம பயமுறுத்தக் கூடாது" என்றேன். அவர் கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

மார்கழி வந்தது. டீச்சர் புத்தி போகுமா? முப்பது நாள் விடாமல் ஓட்ட வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தேன். ஓட்டிய நாளுக்கு ஒரு ஸ்டார். ஒருநாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு விருந்தாளி என்று ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். எனக்கே பதினெட்டாம் நாள் வரிசை அறுந்துவிட்டது. அவள் ஒருத்திக்குத்தான் அறுபடவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் அதிகாலைப் பூசை முடிந்து புதுப்புடவையோடு ஒரு சுற்று ஓட்டிப் படம் அனுப்பினாள். பிள்ளைகளுக்கு ஒட்டுகிற தங்கநிற ஸ்டார்களைத்தான் அவளுக்கும் கொடுப்பேன். அவற்றைச் செல்போனின் பின்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டுவாள்.

அவளுடைய கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. பனி இறங்கும் நாளில் மட்டும் சைக்கிளைத் தொடக் கூடாது, நைட் ஷிப்ட் முடிந்து வந்து தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் வர ஏழு, ஏழேகால் ஆகும். பள்ளிக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

இருபத்தெட்டாம் நாள் காலை பனி கனமாக இருந்தது. மார்கழிப் பனியில் தெர்மல் புகையும் கலந்து கீழே இறங்கும்போது அதற்கு ஒரு வாடை உண்டு, தொண்டையில் போய் உட்காரும். ஆறு இருபதுக்குக் குழுவில் அவள் எழுதியிருந்தாள்.

"டீச்சர் பனி ஜாஸ்தியா கீது. எதிர்வூடே தெரியல. இன்னிக்கி வேணாமா?"

நான் காபி டம்ளரோடு ஜன்னலுக்குப் போனேன். எங்கள் தெருவைப் பார்த்தேன். தெருவிளக்கு வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது விளக்குவரை தெரிந்தது. கடைசி ஷிப்ட் பஸ் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மடமடவென்று டைப் செய்தேன்.

"இன்னும் மூணு நாள்தான். விட்டா முதல்ல இருந்து. பஸ் எல்லாம் போயாச்சு. ரோடு காலி, வாங்க."

செய்தியின் விவரத்தைத் திறந்து பார்த்தேன், அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. கிளம்பிவிட்டாள் என்று புரிந்துகொண்டு நான் குளிக்கப் போனேன். அந்தப் பனியில் நான் சைக்கிளை எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏழு பத்துக்குப் பள்ளி வாட்ச்மேன் கூப்பிட்டார். ரோட்டோரம் ஒரு லாரி விளக்கில்லாமல் நின்றிருக்கிறது. கிட்டே போனபிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வலது பக்கம் ஒடித்திருக்கிறாள். பின்னால் ஒரு வேன் வந்திருக்கிறது.

இதை எழுதுவதற்குத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். வாட்ச்மேன் "அடிபட்டுட்டாங்களாம் டீச்சர்" என்று சொன்னதும், உயிரோடு இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். என் செய்தியை யார் யார் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அவள் ஒருத்தி மட்டும், பனிக்கு மற்றவர்கள் இன்னும் போனைத் தொடவில்லை. செய்தியை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழி என்பதைத் தொட்டேன். அதற்கப்புறம்தான் "உயிர் இருக்கா?" என்று கேட்டேன்.

உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே சக்கரம் ஏறியிருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

அழித்தாலும் அழித்த தடம் நிற்குமே. அவள் கேள்விக்குக் கீழே, செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி. மத்தியானம் குழுவில் ஒருத்தி "என்ன டீச்சர் டெலிட் பண்ணீங்க?" என்று கேட்டாள். "வேற போட்டோ தப்பா போயிடுச்சு" என்று எழுதினேன். எல்லோரும் அழுகிற முகங்களைப் போட்டார்கள், ஜெபம் பண்ணுகிறோம் என்று எழுதினார்கள். ரிட்டயர் ஆனவர் குழுவை விட்டு வெளியேறினார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காய்கறிக் கடையில் அவர் சட்டையைக் கண்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவு வந்தது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், அவற்றிலிருந்து கம்பிகள் சதைக்குள் போயிருந்தன. இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. கால் நிற்குமா என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை, தினமும் வந்து விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

கணவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"பனியில தொடாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் டீச்சர். இதுநாளு வரிக்கும் என் பேச்ச மீறுனதே இல்ல. அன்னிக்கி மட்டும் எப்பிடிக் கெளம்புனா? யாரு சொல்லி போனா? கேட்டுகினே இருக்கேன், வாயத் தொறக்க மாட்டேங்கிறா."

என் கையில் ஆரஞ்சுப் பை கனத்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் போனேன். எத்தினி வாட்டி சொல்றது? போயி டீச்சருக்கு டீ வாங்கிகினு வாங்க."

அவர் போனார். அவள் தலையணைக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்தாள். கண்ணாடி உடைந்திருந்தது. பின்பக்கம் ஸ்டார்கள் அப்படியே இருந்தன.

"நீங்க அழிச்சதப் பாத்தேன் டீச்சர்," என்றாள் மெதுவாக. "நல்லதுதான். இவரு கண்ணுல பட்டிருந்தா உங்க வூட்டாண்ட வந்து கத்தியிருப்பாரு. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கால் போன பிறகு எல்.கே.ஜி. வேலை இருக்குமா, ஹெட்மிஸ்ட்ரஸிடம் நான் பேசுவேனா என்று கேட்டாள். கால் போனால் என்று அவள் சொல்லவில்லை. கால் போன பிறகு என்றுதான் சொன்னாள். பேசுகிறேன் என்றேன்.

கணவர் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்தார். சூடு கையில் படாதிருக்க இரண்டு கப்பை ஒன்றுக்குள் ஒன்று வைத்திருந்தார்.

"பள்ளிக்கூடத்துலருந்து நீங்க ஒருத்தராச்சும் வந்தீங்களே டீச்சர்," என்றார். "உங்க மேல அவ்ளோ நம்பிக்கை இவளுக்கு. நீங்க சொன்னா சாமி சொன்ன மாதிரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் அந்த டீயை வாங்கி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, முழுவதும் குடித்தேன்.