பேகம்பூர் அடுப்பு ஆறும்வரை

இந்த ஜனவரியில் திண்டுக்கல்லுக்குப் போனது பிரியாணிக்காக அல்ல. என்னுடன் படித்த அமலா அங்கே இயற்பியல் பேராசிரியை. சூட்டை நேரடியாக மின்சாரமாக்கும் தகடு செய்கிறாள். அடுப்பில் பொருத்திய இரண்டு தகடுகள் விரிசல் விட்டுவிட்டன. "மூணாவதும் போச்சுன்னா விட்டுர்றேன்டி" என்றாள் போனில். அந்தக் குரல் சரியில்லை. கிளம்பிவிட்டேன்.

மதுரையிலிருந்து 65 கிலோமீட்டர். ஆறரைக்குப் பேருந்து ஏறி எட்டு மணிக்கு இறங்கினேன். பேகம்பூருக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"பிரியாணிக்கு இம்புட்டு வெள்ளனவாக்கா?" என்றார் ஓட்டுநர்.

"அடுப்பைப் பார்க்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

அமலா தகடு பொருத்தும் அடுப்பு ஜமீலா அக்காவுடையது. வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு வைத்து ஆர்டருக்குப் பிரியாணி செய்கிறார். கரண்ட் போனால் அடுப்புக்குக் காற்றூதும் ஃபேன் நின்றுவிடும். புகையில் இருமித் தள்ளுவார். அமலாவின் தகட்டில் ஒரு முகம் நெருப்புப் பக்கம், மறுமுகம் வெளிக்காற்றில். இந்தச் சூட்டு வித்தியாசத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. தகடு மின்சாரத்தைக் கடத்த வேண்டும், சூட்டைக் கடத்தக் கூடாது. உலோகங்களோ இரண்டையும் சேர்த்தே கடத்திவிடும். அதனால்தான் பொடிகளை மாற்றி மாற்றிக் கலந்து, அழுத்திச் சுட்டுப் பார்க்கிறாள். அன்று மூன்றாவது தகட்டை அடுப்பில் பொருத்தி, ஃபேனை அதோடு இணைத்தாள்.

"என்ன டீச்சர், இதுவும் அப்பளமாட்டம் நொறுங்கிருமா?" என்றார் அக்கா.

"நல்ல வார்த்தை சொல்லுங்கக்கா!"

விறகு பற்றியது. பத்து நிமிடத்தில் ஃபேன் கரண்ட் இல்லாமலே சுழன்றது, புகை அடங்கியது. நான் கைதட்டினேன்.

"தட்டாதடி. முந்தின ரெண்டும் இப்படித்தான் ஓடுச்சு. ஆறும்போதுதான் விரிசல் விடும்."

அன்றே திரும்புவதாக இருந்தேன். ஆறிய அடுப்பை மறுநாள் மூட்டினால்தான் தெரியும் என்பதால் கிளம்ப மனம் வரவில்லை. பேருந்து நிலையம் அருகே தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தேன். சூட்டைத் தாங்கியது, தணிவைத் தாங்குமா? என் வயதில் இது தகட்டைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

மறுநாள் அக்கா அடுப்பை மூட்டினார். புகை. அமலா என் கையைப் பிடித்திருந்தாள். பத்து நிமிடம் கடந்தது. ஃபேன் அசையவில்லை.

"விறகு ஈரம், டீச்சர். செத்த நேரம் பொறுங்க" என்று இருமினார் அக்கா.

பிறகு இறக்கைகள் ஒருமுறை நடுங்கின. சுற்றின.

"இன்னும் எத்தன தடவ ஆறணும்?"

"நூறு தடவையாவது ஆறணும்க்கா."

"அதுக்கென்ன, நூறு தேக்சா பிரியாணி போட்டுருவோம்!"

போகிறவர்கள் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி பன்னிரண்டரைக்குள் தீர்ந்துவிடும். முதல் நாளே அக்காவிடம் சொல்லிவையுங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் கொல்லையில் ஃபேன் சத்தம் கேட்டால், கீழே பின்னூட்டத்தில் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.