முடிச்சூர் வீடு, ஒன்றுக்கு ஐம்பது

கூரையை ஒட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அட்டையில் வீட்டு மாடல் செய்கிறவனுக்கு அதுதான் முதல் பாடம்: வீட்டுக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்து முடிக்கும்வரை கூரையை ஒட்டக் கூடாது. தணிகாசலம் சாரும் அவர் மனைவி கலாவதி அம்மாவும் மேஜைமீது குனிந்து, முடிச்சூரில் கட்டப்போகும் தங்கள் வீட்டை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இப்போதிருக்கும் வீட்டில் பெருமழைதோறும் ஹாலில் தண்ணீர் நிற்கிறது. அதை இடித்துவிட்டு உயர்த்திக் கட்ட வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆர்க்கிடெக்ட் ஹேமா மேடமும் நானும்தான். ஜன்னலோரம் வரிசையாக மாடல்கள் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் பார்க்கிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள், அந்தப் படத்தோடு மேஸ்திரியிடம் போய்விடுகிறார்கள். இன்றுவரை ஒன்றுகூட எங்கள் கையால் வீடாகவில்லை. அன்று காலை மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த வீடாவது எழும்பணும் குமார். இல்லைன்னா முன் ரூமை டியூஷன்காரங்களுக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

முன் ரூமில் இருப்பது என் மேஜை மட்டும்தான்.

சுவர்

நீங்களும் அட்டை வெட்டிப் பிழைப்பவரென்றால் என்னைத் திட்ட மாட்டீர்கள். கடை அட்டை வாங்கி மாடல் செய்ய எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கல்யாணப் பத்திரிகைகள்தான் என் சுவர்கள். நல்ல தடிமன், வழவழப்பு, லேசில் வளையாது. பக்கத்து அச்சகத்தில் பிழையாக அடித்ததைச் சும்மாவே தருவார்கள். எழுத்துப் பக்கங்கள் உள்ளே போகும்படி இரண்டை ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. முடிச்சூர் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. எழுத்து அறைக்குள் பார்த்தபடி இருந்தது. கூரை போட்டால் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

கலாவதி அம்மா செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். கரும்பலகையைப் படிக்கிற குரலில் படித்தார்.

"பெரிய பெட்ரூம்ல 'வரவேற்பு மாலை ஆறரை மணிக்கு'ன்னு போட்டிருக்கே தம்பி, அப்ப நாங்க எங்க படுக்கறது?"

வடக்கு

அடுத்த முறை கலாவதி அம்மாவின் அண்ணன் குன்றத்தூரிலிருந்து வந்தார். வாஸ்து தெரிந்தவர். அடுப்படி வடகிழக்கில் இருக்கிறது, தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்றார். மனை குறுகல், தெரு கிழக்கில், அதனால்தான் இப்படி என்று மேடம் பொறுமையாக விளக்கினார். அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு மாடலை இரண்டு கையாலும் பிடித்துக் கால் வட்டம் திருப்பி வைத்தார். அடுப்படி தென்கிழக்குக்கு வந்துவிட்டது. வாசல், பக்கத்து வீட்டுச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது.

"இப்ப கரெக்டா உக்காந்துச்சு பாரும்மா. இதுக்குப் போயி படிச்சவங்க இவ்ளோ நேரம் பேசிக்கினு கீறீங்களே!"

அவர் போனபின் அடுப்படியை பிளேடால் அறுத்தெடுத்து அடுத்த மூலையில் ஒட்டினேன். பழைய மூலையில் வடு தெரிந்தது. அதன்மேல் ஒரு மரம் வைத்தேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்துச் செய்த மரம்.

வேகத்தடை

சாருக்கு முழங்கால் வலி. முடித்த மாடலை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன். முதல் வேகத்தடையிலேயே பால்கனி கழன்று என் காலடியில் விழுந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், ஸ்பீட் பிரேக்கருக்கே பால்கனி கயண்டுக்கிச்சே, இது மழைக்கு எங்க நிக்கப் போவுது?"

தண்ணீர்

அவர்கள் ஹாலில் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அம்மா மாடலை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைக்கச் சொன்னார். "எவ்வளவு உசத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். தெருவிலிருந்து வாசற்படிவரை விரலால் தொட்டுக் காட்டினேன். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார்.

"கலா, வேண்டாம். பாவம், தம்பி கையால செஞ்சது" என்றார் சார்.

"வீட்டையும் கையாலதானே கட்டுவாங்க" என்று சொல்லி மாடலின் தெருவில் ஊற்றினார்.

தண்ணீர் தெருவை மூடியது. கேட்டை மூடியது. ஸ்பாஞ்சு மரங்கள் பெயர்ந்து மிதந்தன. வாசற்படிக்கு ஏறும் சரிவுப் பாதை மறைந்தது. வாசற்படிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. இவ்வளவு வருடத்தில் முதல்முறையாக எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாருங்கம்மா, உள்ளே ஒரு சொட்டு வரலை" என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். வாசற்படியில் நான் ஒட்டியிருந்த இரண்டு பிளாஸ்டிக் மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலை தம்பி. நாங்க எப்படி வெளிய போறது?"

பத்திரிகை

மழைக்காலம் முடிந்து இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. பூமி பூஜை என்று நினைத்து மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிரித்துப் படித்தார். கிரகப்பிரவேசம். கூடுவாஞ்சேரியில், மேடான இடத்தில், ஒரு அபார்ட்மென்டின் மூன்றாவது மாடி.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் மேடம். நன்றாகவே சொன்னார்.

சார் ஜன்னலோரம் போய், நான் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த அந்த மாடலைப் பார்த்தார். அடியிலிருந்து ஈரம் ஏறிப் பருத்த சுவர்கள் காய்ந்து கோணலாகியிருந்தன. அம்மா என் மேஜைக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி செஞ்சு காட்டலைன்னா எங்களுக்கு இது புரிஞ்சே இருக்காது."

அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. மேடம் செல்போனை எடுத்துக்கொண்டு முன் ரூமுக்கு வந்தார், நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தார், யாரிடமோ பெஞ்ச் எத்தனை போடலாம் என்று கேட்க ஆரம்பித்தார்.

என் மாடல்களிலேயே ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். பத்திரிகை மேஜையில் கிடந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தேன், நல்ல தடிமன். மஞ்சளைத் துடைத்துவிட்டு, சுவருக்கென்று வைத்திருக்கும் பத்திரிகைக் கட்டோடு சேர்த்து வைத்தேன்.