மேகலாவுக்கு ஒரு லத்தீன் பாட்டு

மேகலாவின் அம்மா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தறிப்பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருடைய மகள் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்தவள். காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்துப் பள்ளி அது. நான் அங்கே ஆங்கில ஆசிரியர். இளம் வயதில் பாதிரியாராகப் போவதற்குக் குருமடத்தில் சேர்ந்து, பாதியில் வெளியே வந்தவன். அங்கே படித்த லத்தீன் மட்டும் என்னோடு வந்துவிட்டது. பாடம் நடத்திய நேரம் போக அந்த மொழியில் கவிதை எழுதுவேன். வெளிநாட்டு இணைய இதழ் ஒன்று அவற்றை வெளியிடும். சக ஆசிரியர்களுக்கு அது மருந்துச் சீட்டு மொழி. என்ன எழுதுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

மேகலாவுக்குப் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். வார்த்தை வரவில்லை, மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். பிறகு அவளைப் பற்றி லத்தீனில் பன்னிரண்டு வரி எழுதினேன். அது இதழில் வந்ததும், என் போனில் மேகலாவின் பேரைப் பார்த்த கணக்கு ஆசிரியர் ரஹமத்துல்லா, அதைப் பெருமையாக வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். பிள்ளைகள் மூலம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏனுங்க சார், எம் புள்ளயப் பத்திப் பாட்டு எழுதியிருக்கீங்களாமா. படிங்க, கேக்கறேன்."

வேறு மொழியில் இருக்கிறது, புரியாது என்றேன்.

"புரியலீன்னாப் பரவால்லீங்க."

படித்தேன். என் கவிதையை இன்னொருவர் முன் வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். முடித்ததும், தமிழில் சொல்லச் சொன்னார். அங்கேதான் தடுமாறினேன். லத்தீனில் எளிதாக எழுதியதை அந்த முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல நா எழவில்லை. மெல்ல மெல்லச் சொன்னேன்: மேகலா கையைப் பாதி தூக்கிக்கொண்டு சந்தேகம் கேட்பாள்; ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்ததைக் கேட்பாள்; இப்போது பாடம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, மணி அடிக்கும்வரை வகுப்பு சும்மா இருக்கிறது.

"அவ்வளவு பேசுவாளுங்களா? ஊட்டுல வாயே தொறக்க மாட்டாளுங்க" என்றார். மகளைப் பற்றிப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட வியப்பு அவர் முகத்தில் இருந்தது. பிறகு, "அவ பேரு ரெண்டு எடத்துல வந்துச்சு. ரெண்டும் வேற மாதிரி சொன்னீங்களே?" என்றார்.

வேற்றுமையைத்தான் கவனித்திருக்கிறார். நாம் மேகலாவை, மேகலாவோட என்று சொல்வதுபோல லத்தீனிலும் பேரின் கடைசி மாறும். மேகலம், மேகலே என்று வரும் என்று விளக்கினேன்.

"கூப்புடறப்ப எப்படிங்க வரும்?"

"கூப்புடறப்ப மாறாதும்மா. மேகலான்னுதான்."

தலையாட்டினார். உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, ஷிப்டுக்கு நேரமாச்சு, வாரேங்க என்று எழுந்து போனார்.

ஒரு சாவைப் பற்றி எழுதினால், அது எழுதியவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அன்று கற்றுக்கொண்டது இதுதான். இப்போதும் லத்தீனில்தான் எழுதுகிறேன். ஆனால் யாரைப் பற்றி எழுதினேனோ, அவருடைய வீட்டுக்குப் போய்த் தமிழில் சொல்லிவிட்டுத்தான் இதழுக்கு அனுப்புகிறேன். அப்படிச் சொல்ல முடியாத கவிதைகளை அனுப்புவதில்லை.